வருகைப்பதிவுக் கடிகாரமும் சுதந்திரமும்: டெஹ்சிங் சியேவின் ஒளிப்படக் கலையில் இருத்தலியல் நோக்கு

திறவுச்சொற்கள்: இருத்தலியல், அபத்தம், நிலைமை, சுதந்திரம், நிகழ்த்துகலை, ஒளிப்படம்

முன்னுரை

தற்கால ஒளிப்பட, காணொளிக் கலைகளை இருத்தலியல் நோக்கில் அணுகுவோர், தனிமை, சலிப்பு, மரண அச்சம் ஆகியவற்றுள் ஒன்று படைப்பில் தென்பட்டவுடன் அதனை இருத்தலியல் படைப்பு என வகைப்படுத்திவிடுவதுண்டு. இவ்வணுகுமுறை கருப்பொருளைச் சுட்டுகிறதே ஒழிய, படைப்பு இயங்கும் முறையை விளக்குவதில்லை. தைவானில் 1950ஆம் ஆண்டு பிறந்து, நியூயார்க்கில் இயங்கிய டெஹ்சிங் சியேவின் 'ஓராண்டு நிகழ்த்துகை 1980-1981' என்னும் படைப்பை முன்வைத்து, இந்நோக்கின் பயனையும் எல்லையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

படைப்பின் அமைப்பு

1980 ஏப்ரல் 11 முதல் ஓராண்டுக் காலம், இரவு பகல் பாராது, மணிக்கு ஒருமுறை சியே வருகைப்பதிவுக் கடிகாரத்தில் அட்டையைச் செருகி நேரத்தைப் பதித்தார். ஒவ்வொரு பதிவின்போதும் 16 மி.மீ. படக்கருவி அவரை ஒரே ஒரு சட்டகமாகப் பதிவுசெய்தது. தொடக்கத்தில் அவர் தலையை மழித்திருந்தார். தொழிலாளர் சீருடை அணிந்திருந்தார். ஒளிப்படங்களாகிய அச்சட்டகங்களைத் திரைப்படமாக ஓட்டும்போது ஒரு நாள் ஒரு நொடியாகச் சுருங்குகிறது. ஓராண்டு ஏறத்தாழ 6 நிமிடங்களில் முடிகிறது. சீருடை மாறாதிருக்க, தலைமுடி மட்டும் நீண்டுகொண்டே செல்கிறது.

மொத்தம் 8,760 பதிவுகளில் 133 தவறின. அவற்றுள் 94 உறக்கத்தாலும், 29 தாமதத்தாலும், 10 குறித்த நேரத்திற்கு முன்பே பதித்ததாலும் நேர்ந்தவை. இக்கணக்கும் படைப்பின் ஆவணங்களுள் ஒன்றாகும்.

அபத்த நோக்கும் அதன் எல்லையும்

காம்யூ தம்மை இருத்தலியலாளர் என அழைப்பதை ஏற்காதவர். எனினும் 1942இல் அவர் விளக்கிய சிசிபஸ் தொன்மமே இங்கு முதலில் நினைவுக்கு வரும். மலையுச்சிக்கு உருட்டிய பாறை மீண்டும் கீழே உருள்வதுபோல, சியேவின் ஒவ்வொரு பதிவும் அடுத்த பதிவுக்கே இட்டுச்செல்கிறது. பதித்தபின் செய்வதற்கு வேலையும் இல்லை, பதிப்பதே வேலை.

ஒப்புமை பொருத்தமானதே. ஆயினும் காம்யூவின் சிசிபஸ் மனிதகுலம் முழுமைக்குமான குறியீடு. அவனுக்கு நாடில்லை, குடியேற்றச் சட்டமில்லை, உறக்கமும் இல்லை. சியேவோ 1974இல் கப்பல் பணியாளராக அமெரிக்கா சென்று, அங்கேயே கப்பலை விட்டு நீங்கியவர். 1988இல் பொதுமன்னிப்புப் பெறும்வரை முறையான குடியுரிமை ஆவணமின்றி வாழ்ந்தவர். உணவகங்களில் பாத்திரம் கழுவியவர். வருகைப்பதிவுக் கடிகாரமோ கூலியுழைப்பை அளக்கும் கருவி. 'மனித வாழ்வின் அபத்தம்' என்று பொதுமைப்படுத்தும்போது இவையனைத்தும் பார்வையிலிருந்து மறைந்துவிடுகின்றன.

சார்த்தரின் 'நிலைமை'

இக்குறையைக் களைவதற்கான கருத்தாக்கம் இருத்தலியலுக்குள்ளேயே உள்ளது. 1943இல் வெளிவந்த 'இருத்தலும் இன்மையும்' நூலில் சார்த்தர், சுதந்திரம் எப்போதும் ஒரு நிலைமைக்குள்ளேயே இயங்குகிறது என்கிறார். பிறந்த இடம், உடல், கடந்தகாலம் ஆகியவை மனிதன் தேர்ந்தெடுக்காதவை. அவற்றுக்கு அவன் தன் செயலால் என்ன பொருள் தருகிறான் என்பதே அவனுடைய தேர்வு.

இந்நோக்கில் படைப்பு வேறாகத் துலங்குகிறது. இங்கு முதலாளி இல்லை. விதியை வகுத்தவரும் அதற்குக் கட்டுப்பட்டவரும் ஒருவரே. கூலிக்கு விற்கப்படும் நேரத்தின் அளவுகோலைத் தம் காலத்தின் அளவுகோலாக அவர் மாற்றுகிறார். ஆனால் இச்சுதந்திரம் விடுபடுதல் அன்று. ஒரு மணிநேரம்கூடத் தொடர்ந்து உறங்க இயலாத கட்டுப்பாடு அது.

தவறிய 133 பதிவுகளின் முக்கியத்துவமும் இங்கே புலப்படுகிறது. உறக்கம் என்னும் உடலின் தேவை விதியை மீறியது. அதனை மறைத்திருந்தால், தம்மைப் பிழையற்ற இயந்திரமாகக் காட்டிக்கொண்டதாகியிருக்கும். சார்த்தர் கூறும் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளுதலுக்கு அது சான்றாகியிருக்கும். காரணம்வாரியாகக் கணக்கிட்டதன்மூலம் சியே தம் உடலின் வரம்பையும் தம் தேர்வையும் ஒருங்கே ஏற்கிறார்.

இவ்வாறு கூறுவது படைப்பை அரசியல் முழக்கமாகச் சுருக்குவது ஆகாது. காலம் கழிதலே தம் கலையின் மையம் என்பது சியேவின் நிலைப்பாடு. யாருடைய காலம், எந்த நிலைமையில் கழிகிறது என்னும் வினாக்கள் அம்மையத்தை மேலும் தெளிவாக்குகின்றன.

முடிவுரை

ஒளிப்பட, காணொளிக் கலைகளை ஆராய இருத்தலியல் பயன்படுவது, துயரச் சாயல்களை அடையாளம் காண்பதால் அன்று. தரப்பட்ட நிலைமைக்கும் மேற்கொண்ட செயலுக்கும் இடையிலான உறவைப் படைப்பின் வடிவிலேயே கண்டறிவதால்தான். ஆகவே ஆய்வு அபத்தத்திலிருந்து அன்றி, நிலைமையிலிருந்து தொடங்குவதே தகும். அவ்வாறு தொடங்கும் ஆய்வில், எந்த ஆவணமுமின்றி வாழ்ந்த ஒருவர் தம் ஒவ்வொரு மணிநேரத்தையும் ஆவணப்படுத்தினார் என்னும் உண்மை விடுபட்டுப்போகாது.