நாற்பது ஆண்டு கழித்து வரும் நோய்

இத்தாலியின் வடமேற்கில், போ ஆற்றங்கரையில் காசலே மோன்ஃபெராத்தோ என்றொரு சிறு நகரம். 1907 முதல் 1986 வரை அங்கே 'எடெர்னிட்' ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் ஆலை ஓடியது. கூரைத் தகடும் தண்ணீர்க் குழாயும் அங்கே தயாராயின. குழாய்களைக் கடையும்போது உதிரும் தூளை ஊர்மக்கள் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். குளிர் இறங்காமலிருக்கப் பரணில் பரப்பினார்கள். சேறாகாமலிருக்க முற்றத்தில் கொட்டி மிதித்தார்கள். அதன் மேலேயே பிள்ளைகள் விளையாடினார்கள். ஆலையிலிருந்து திரும்பிய ஆண்களின் உடுப்பை வீட்டுப் பெண்கள் உதறித் துவைத்தார்கள்.

ரொமானா ப்ளசோத்தியின் கணவர் அந்த ஆலைத் தொழிலாளி. நுரையீரல் உறையில் வந்த புற்றுநோயால் 1983-ல் அவர் இறந்தார். அதே நோய் பிறகு ரொமானாவின் சகோதரியையும் நெருங்கிய உறவினர்களையும் கொண்டுபோனது. 2004-ல் மகளையும் விடவில்லை. அந்த மகள் ஆலையில் வேலை பார்த்தவர் அல்ல. பாதிக்கப்பட்ட குடும்பங்களின் சங்கத்துக்கு நீண்ட காலம் தலைவராக இருந்த ரொமானா, 2024-ல் காலமாகும்வரை நீதி கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஆஸ்பெஸ்டாஸ் என்பது மண்ணிலிருந்து வெட்டியெடுக்கும் நார்க் கனிமம். தீயில் எரியாது, எளிதில் மட்காது, விலையும் மலிவு. இந்தக் குணங்களுக்காகவே கூரையிலும், பிரேக் லைனிங்கிலும், கொதிகலன் உறையிலும், கப்பலின் எந்திர அறையிலும் அதைப் பயன்படுத்தினார்கள். அதன் இழை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணியது. மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலின் அடியாழம்வரை இறங்கித் தங்கிவிடும். உடலால் அதைக் கரைக்கவும் முடியாது, முழுதாக வெளியேற்றவும் முடியாது. அந்த இடத்தில் ஆண்டுக்கணக்காக அழற்சி நீடிக்கிறது. செல்களின் மரபணு சிதைகிறது.

இதனால் வரும் நோய்கள் மூன்றை முக்கியமாகச் சொல்லலாம். நுரையீரல் தழும்பேறி இறுகுவது ஆஸ்பெஸ்டோசிஸ். அடுத்தது நுரையீரல் புற்றுநோய். புகைபிடிப்பவருக்கு இந்த ஆபத்து பல மடங்கு கூடும். மூன்றாவது மீசோதீலியோமா. நுரையீரலையோ வயிற்று உறுப்புகளையோ போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் வரும் புற்றுநோய் இது. தூளைச் சுவாசித்து இருபது முதல் ஐம்பது ஆண்டு கழித்தே பெரும்பாலும் வெளிப்படுகிறது. இருபது வயதில் தகடு அறுத்தவருக்கு அறுபது வயதில் மூச்சு வாங்கும், நெஞ்சு வலிக்கும், விலாவுக்குள் நீர் கோக்கும். காசநோயோ என்ற சந்தேகத்திலேயே மாதங்கள் ஓடிவிடுவதும் உண்டு. பயாப்சி செய்தால்தான் உறுதியாகும்.

நீதிமன்றங்கள் திணறுவது இந்தக் கால இடைவெளியில்தான். காசலே ஆலையை நடத்திய குழுமத்தின் சுவிஸ் தொழிலதிபருக்கு டூரின் நீதிமன்றம் 2012-ல் 16 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் அது 18 ஆண்டானது. ஆனால் 2014 நவம்பரில் இத்தாலியின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. ஆலை 1986-லேயே மூடப்பட்டுவிட்டது, குற்றத்துக்கான காலவரம்பு அப்போதிருந்தே ஓடத் தொடங்கிவிட்டது என்பது அதன் முடிவு. ஊரில் அப்போதும் புதிது புதிதாக நோயாளிகள் வந்துகொண்டிருந்தார்கள். அதன்பின் தனித்தனி மரணங்களுக்காக வேறு வழக்கு தொடரப்பட்டு, 2023-ல் அதே தொழிலதிபருக்கு 12 ஆண்டு தண்டனை விதிக்கப்பட்டது. 2025-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் குறைத்தது.

வேறு நாடுகளில் வேறு வழிகள் திறந்தன. தென்னாப்பிரிக்கச் சுரங்கத் தொழிலாளர்கள், பிரிட்டிஷ் தாய் நிறுவனமான கேப் மீது லண்டனிலேயே வழக்கு நடத்தலாம் என்று பிரிட்டனின் அப்போதைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை 2000-ல் தீர்ப்பளித்தது. 2003-ல் சமரசம் ஏற்பட்டு, சுமார் 7,500 பேருக்காக 75 லட்சம் பவுண்டு கொடுக்கப்பட்டது. ஆளுக்குக் கிடைத்தது சொற்பம்தான். ஆனாலும், கடல் கடந்து நடந்த தீங்குக்குத் தாய் நிறுவனத்தை அதன் சொந்த நாட்டிலேயே கேள்வி கேட்க வழி பிறந்தது. அமெரிக்காவில் ஜான்ஸ்-மேன்வில் நிறுவனம் வழக்குகளின் சுமையால் 1982-ல் திவால் மனு கொடுத்தது. பாதிக்கப்பட்டோருக்கென்று அதன் சொத்தில் ஓர் அறக்கட்டளை நிதி உருவானது. இதைப் பின்பற்றிப் பல நிறுவனங்களும் அப்படி நிதி வைத்தன.

அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்துவிட்டன. இலங்கையும் 2018 முதல் கட்டுப்படுத்த முனைந்தது. 2017 டிசம்பரில், சரக்கில் ஒரு வண்டு இருந்ததாகச் சொல்லி இலங்கைத் தேயிலைக்கு ரஷ்யா தடை போட்டது. ரஷ்யா உலகின் மிகப் பெரிய ஆஸ்பெஸ்டாஸ் உற்பத்தி நாடு. கொழும்பு தன் முடிவைத் தள்ளிவைத்ததும் தேயிலைத் தடை விலகியது.

இந்தியா இன்று உலகிலேயே மிக அதிகமாக வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் இறக்குமதி செய்யும் நாடு. வெள்ளை வகையும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் உறுதியாகச் சொல்கிறது. இங்கே அது பெரும்பாலும் சிமென்டில் கலந்து கூரை ஷீட்டாகிறது. தலைக்கு மேல் அசையாமல் கிடக்கும் நல்ல ஷீட்டில் இழை சிமென்டோடு பிணைந்திருக்கும். கட்டிங் மெஷின் வைத்து அறுக்கும்போதும், துளை போடும்போதும், பழைய ஷீட்டை உடைத்து இறக்கும்போதும்தான் இழை காற்றில் கலக்கிறது. கூரை மேல் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு அறுக்கிறவர் மேலெல்லாம் தூள் படிகிறது. அந்தச் சட்டையோடுதான் வீட்டுக்குப் போகிறார். துண்டு அந்த இழையைத் தடுக்காது. அறுக்குமுன் நன்றாக நனைப்பது, தூளைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைப்பது, வேலை உடுப்பைத் தனியே துவைப்பது எல்லாம் ஆபத்தைக் குறைக்கும், ஒழிக்காது.

இந்தியத் தொழிலாளர்களுக்கு முக்கியமான ஆயுதம் 1995 ஜனவரியில் கிடைத்தது. நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடர்ந்த வழக்கில், தொழிலாளியின் உடல்நலம் அரசியல் சாசனம் தரும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டோ, வேலையை விட்டபின் 15 ஆண்டோ, எது பிந்தியதோ அதுவரை ஆலைகள் பாதுகாக்க வேண்டும் என்றது. ஆஸ்பெஸ்டோசிஸ் என உறுதியானவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. இந்த நோயின் வேகத்தை அறிந்து எழுதிய தீர்ப்பு அது.

சட்டப் புத்தகத்தில் அந்த அறிவு எல்லா இடத்திலும் இல்லை. 1923-ம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் ஆஸ்பெஸ்டாஸால் வரும் நுரையீரல் புற்றுநோயும் மீசோதீலியோமாவும் இடம்பெற்றன. ஆனால், வேலையை விட்டவருக்கு இரண்டு ஆண்டுக்குள் அறிகுறி தெரிய வேண்டும் என்ற விதியும் அதே சட்டத்தில் இருந்தது. முப்பது ஆண்டு கழித்து வரும் நோய்க்கு இந்தக் கெடு சற்றும் பொருந்தாது. ஆனாலும், தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் மனுவை ஏற்க ஆணையருக்கு அதிகாரம் உண்டு என்பதால், மனுவே போடாமல் விட்டுவிடக் கூடாது. இப்போது 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு பழைய சட்டங்களின் இடத்துக்கு வந்திருக்கிறது. தன் வழக்குக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்பதை வழக்கறிஞரிடமோ தொழிற்சங்கத்திடமோ முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. ஈ.எஸ்.ஐ.யில் இருந்தவருக்கு ஊனப் பலனும், அவர் இறந்தால் குடும்பத்துக்குச் சார்ந்தோர் பலனும் உண்டு; ஒரே நோய்க்கு ஈ.எஸ்.ஐ., இழப்பீட்டுச் சட்டம் என்று இரண்டு பக்கமும் இழப்பீடு வாங்க முடியாது.

எந்த வழியில் போனாலும் முதலில் கேட்கப்படுவது ஆதாரம்தான். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, பி.எஃப். எண், ஈ.எஸ்.ஐ. அட்டை, கூட வேலை பார்த்தவர்களின் பெயர்கள் எல்லாவற்றையும் ஒரே உறையில் பத்திரப்படுத்த வேண்டும். கேட்காவிட்டாலும் மருத்துவரிடம், 'அந்தக் காலத்தில் ஷீட் கம்பெனியில் இருந்தேன்' என்று சொல்லி, கேஸ் ஷீட்டில் எழுதவைக்க வேண்டும். பயாப்சி அறிக்கையின் அசல் கையில் இருக்க வேண்டும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களும் தொழிற்சாலைத் தொழிலாளர்களும் இலவச சட்ட உதவி பெற 1987-ம் ஆண்டுச் சட்டம் உரிமை தருகிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். கணவரை இழந்த பெண்ணும் நேரில் போய்க் கேட்கலாம்.