இரண்டாம் பாகம் படிக்கலாமா? அசரவைக்கும் சேதிகள் தெரியுமா?

நாவலின் கடைசிப் பக்கத்தைப் புரட்டியதும் நண்பர்களுக்குள் கிளம்பும் முதல் கேள்வி என்ன? "இதுக்கு ரெண்டாம் பாகம் இருக்காமே, படிக்கலாமா?" இந்தக் கேள்விக்கு வயது 400-ஐத் தாண்டிவிட்டது என்றால் நம்புவீர்களா?

1605-இல் ஸ்பெயினில் செர்வாண்டஸ் எழுதிய 'டான் குயிக்ஸோட்' சக்கைப்போடு போட்டது. இரண்டாம் பாகத்தை அவர் எழுதிக்கொண்டே இருக்க, 1614-இல் திடீரென்று கடைக்கு வந்தது ஓர் இரண்டாம் பாகம். எழுதியவர் செர்வாண்டஸ் அல்ல! அவெயனேடா என்ற புனைபெயரில் யாரோ முந்திக்கொண்டார். அந்த யாரோ யார்? இன்றுவரை யாருக்கும் தெரியாது!

செர்வாண்டஸ் எப்படிப் பழிவாங்கினார் தெரியுமா? மறு வருஷமே, 1615-இல், அசல் இரண்டாம் பாகம் வந்தது. அதில் டான் குயிக்ஸோட் ஒரு சத்திரத்தில் தங்குகிறார். பக்கத்து அறைக்கும் இவர் அறைக்கும் நடுவே மெல்லிய தடுப்பு. அந்தப் பக்கம் இரண்டு பேர் பேசிக்கொள்வது காதில் விழுகிறது. அவர்கள் கையில் இருப்பது அந்தப் போலிப் புத்தகம்! தன் காதலியைத் தானே மறந்துவிட்டதாக அதில் எழுதியிருக்கிறது என்று தெரிந்ததும் மனுஷருக்கு வருகிறதே ஒரு கோபம்! போலியில் நாயகன் ஸரகோஸாவுக்குப் போகிறானாம். அப்படியானால் அந்த ஊர்ப்பக்கமே தலைவைக்க மாட்டேன் என்று பார்சிலோனாவுக்குக் குதிரையைத் திருப்பிவிடுகிறார்! அங்கே ஓர் அச்சுக்கூடத்துக்குள் நுழைந்தால், அதே போலிக்கு மெய்ப்புத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள்! இன்னும் முடியவில்லை. போலி நாவலில் வந்த ஒரு பாத்திரத்தை வழியில் பிடித்து, "நான் பார்த்த ஆள் இவர் இல்லை" என்று ஊர் மேயர் முன்னிலையில் எழுதியே வாங்கிவிடுகிறார்! தன் கதைக்கு உரிமை கேட்டுக் கதாபாத்திரமே மல்லுக்கு நின்ற நாவல் வேறு உண்டா?

படிக்கலாமா? கட்டாயம்! முதல் பாகத்தைவிட இரண்டாவதுதான் உசத்தி என்பது என் கட்சி.

அவசரமாக எழுதிய தொடர்ச்சி பார்க்கவேண்டுமா? 'ராபின்சன் குரூசோ' வெளிவந்தது 1719 ஏப்ரலில். இரண்டாம் பாகம் எப்போது? அதே வருஷம் ஆகஸ்டில்! நாலே மாதம்! அதில் குரூசோ மடகாஸ்கர் போகிறார், வங்காளத்தில் இறக்கிவிடப்படுகிறார், சீனா போகிறார், சைபீரியப் பனியில் குளிர்காலம் முழுக்கக் கழிக்கிறார்! நாம் ஆசை ஆசையாகப் படித்த, குரூசோவின் தீவுத் துணைவன் ஃப்ரைடே? அம்பு பாய்ந்து செத்துப்போகிறான்! முதல் பாகத்தைப் பள்ளிப் பிள்ளைகள்கூட அறிவார்கள். இரண்டாவதைப் படித்த எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்? தைரியமாகத் தவிர்க்கலாம்.

லூயிசா மே ஆல்காட்டின் 'லிட்டில் விமன்' 1868-இல் வந்ததும், நாயகி ஜோ யாரைக் கல்யாணம் செய்துகொள்வாள் என்று கேட்டுச் சிறுமிகளிடமிருந்து கடிதங்கள் வந்தன. எல்லோரும் எதிர்பார்த்தது பக்கத்து வீட்டு லாரியை! ஆல்காட் இறங்கி வந்தாரா? ஊஹூம்! சுமார் 2 மாதத்தில் அடுத்த பாகத்தை எழுதி, ஜோவை வயதில் மூத்த ஒரு ஜெர்மன் பேராசிரியருக்குக் கட்டிவைத்தார்! அந்தக் கல்யாணம் சரியா தப்பா என்று வாசகிகள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்!

இப்போது சொல்லப்போவதுதான் எனக்கு மிகப் பிடித்தது. நாட்டிலஸ் நீர்மூழ்கியின் கேப்டன் நெமோ எந்த நாட்டுக்காரர் தெரியுமா? இந்தியர்! ஆமாம், நம் ஊர் மனிதர்!

ஜூல்ஸ் வெர்ன் 1870-இல் முடித்த கடலடி நாவலில் நெமோவின் ஊரும் பேரும் கடைசிவரை மர்மம். வெர்ன் முதலில் நினைத்தது அவரைப் போலந்துக்காரராக ஆக்கி, ரஷ்யாமேல் பகை வைத்திருப்பவராகக் காட்ட! ரஷ்யாவில் புத்தகம் விற்கவேண்டுமே என்று பதிப்பாளர் ஹெட்ஸெல் ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் மர்மம் மர்மமாகவே நின்றது. அதன் பிறகு 1874-75-இல் 'மர்மத் தீவு' வருகிறது. சாகக் கிடக்கும் நெமோ தான் யார் என்று சொல்கிறார். பந்தேல்கண்ட் ராஜாவின் மகன், இளவரசர் தக்கார்! திப்பு சுல்தானின் மருமகன் முறை! 1857 கிளர்ச்சியில் வாளெடுத்தவர், வெள்ளைக்காரர்களிடம் குடும்பத்தையே பறிகொடுத்தவர்!

இதைப் படித்த கையோடு முதல் நாவலை மறுபடி திறந்து பாருங்கள். இலங்கையை ஒட்டி, மன்னார் முத்துக்குளிப்புக் கடல். ஏழை முத்துக்குளியாள் ஒருவனைச் சுறா தாக்குகிறது. நெமோ கத்தியோடு நேராகச் சுறாமேல் பாய்கிறார்! மயங்கிக் கிடந்தவனைப் பிழைக்கவைத்து, ஒரு பை நிறைய முத்துக்களைக் கையில் திணிக்கிறார்! ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால், ஒடுக்கப்பட்ட நாட்டு மனிதன் அவன், தானும் அப்படிப்பட்ட நாட்டவன்தான் என்கிறார். முதல் தடவை படிக்கும்போது யார் இதைக் கவனித்தோம்? முதல் பாகத்தை மறுபடி கையில் எடுக்கவைக்கிறதே, அதுதானய்யா தொடர்ச்சி! (வருஷக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இரண்டு நாவலும் ஒன்றோடொன்று பொருந்தவே பொருந்தாது. அதனால் என்ன? நெமோவுக்காக மன்னித்துவிடலாம்!)

தொடர்ச்சிக்காக முதல் புத்தகத்தையே திருத்தி எழுதியவர் உண்டா? உண்டு! டோல்கின்! 1937-இல் வந்த 'ஹாபிட்' முதல் பதிப்பில், நாயகன் பில்போவிடம் விடுகதைப் போட்டியில் தோற்ற குகைவாசி கோலம், பரிசாக மோதிரத்தைத் தருவதாகத் தானே ஒப்புக்கொண்டிருக்கிறான். தேடிப் பார்த்துக் கிடைக்காமல் போகவே மன்னிப்புக் கேட்கிறான், போகும் வழியைக்கூட மரியாதையாகக் காட்டுகிறான்! அடுத்த நாவலிலோ அதே மோதிரம் உலகத்தையே ஆட்டிப்படைக்கும் பொல்லாத பொருள். அதை எவன் சும்மா கொடுப்பான்? உதைக்கிறதல்லவா? 5-ஆம் அத்தியாயத்தை மாற்றி எழுதி, மாதிரிக்குத்தான் என்று 1947-இல் பதிப்பாளருக்கு அனுப்பினார். பதிலே இல்லை. 1950-இல் புதிய பதிப்பின் அச்சுப்பிரதி வீட்டுக்கு வந்தது. பார்த்தால், மாதிரிக்கு அனுப்பியது அப்படியே அச்சாகிக் கிடக்கிறது! டோல்கினே திகைத்துப்போனார்! பிறகு என்ன செய்தார் தெரியுமா? முதல் பதிப்பில் இருந்தது பில்போ சொன்ன பொய் என்று கதைக்குள்ளேயே சேர்த்துவிட்டார்! 17 வருஷக் காத்திருப்புக்குப் பிறகு 1954-இல் வெளிவரத் தொடங்கியது 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்'. காத்திருந்தது வீண் போகவில்லை!

கொழும்பில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க் கிரகத்தையே மாற்றியவர்! '2001' நாவலில் விண்கலம் போவது சனிக்கு. திரைப்படத்தில் வியாழனுக்கு. 1982-இல் '2010' எழுதியபோது எதைத் தொடர்ந்தார்? தன் நாவலை அல்ல, படத்தை!

நம் கைக்கு முழுதாக வராத தொடர்ச்சிகள்? நெஞ்சு பதறும்! கோகோல் 'இறந்த ஆன்மாக்கள்' முதல் பாகத்தை 1842-இல் வெளியிட்டார். பத்து வருஷம் பாடுபட்ட இரண்டாம் பாகத்தை 1852-இல் ஒரு நள்ளிரவில் நெருப்பில் போட்டார்! பத்து நாளுக்குள் அவரும் போய்விட்டார். தஸ்தயேவ்ஸ்கியின் 'கரமசோவ் சகோதரர்கள்' முன்னுரையைக் கவனித்திருக்கிறீர்களா? சொல்லவேண்டியது இரண்டு நாவல், முக்கியமானது இரண்டாவது என்கிறார்! முதலாவதை முடித்த சில மாதங்களில், 1881-இல், இறந்துவிட்டார். அவ்வளவு பெரிய நாவல் வெறும் முன்கதையாம்! மலைப்பாக இல்லையா?

நம் காலத்துக்கு வாருங்கள். மார்கரெட் ஆட்வுட் 1985 நாவலுக்கு 2019-இல் தொடர்ச்சி எழுதினார். இடைவெளி 34 வருஷம்! 79 வயதில் அதற்கே புக்கர் பரிசு! ஹிலாரி மான்டெல் 'வுல்ஃப் ஹால்' எழுதி 2009-இல் புக்கர் வாங்கினார், அதன் தொடர்ச்சிக்கு 2012-இல் இன்னொரு புக்கர்! ஹார்ப்பர் லீயின் இரண்டாவது நாவல் வந்தது முதலாவது வெளிவந்து 55 வருஷம் கழித்து, 2015-இல். வட அமெரிக்காவில் ஒரே வாரத்தில் 11 லட்சம் பிரதிகள்! ஆனால் எழுதப்பட்டது எது முதலில் தெரியுமா? இதுதான்! 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' உருவானதே இந்தப் பழைய பிரதியிலிருந்துதான்! தொடர்ச்சி என்று நம்பி வாங்கினால் மனசு உடையும். 'மாக்கிங்பேர்ட்'டில் நாம் கும்பிட்ட வக்கீல் அட்டிகஸ் இதில் இனவெறி பேசுகிறார்! வரைவுப் பிரதி என்று எண்ணிப் படியுங்கள், தாங்கிக்கொள்ளலாம்.

தமிழுக்கு வருவோம். கல்கி முதலில் எழுதியது 'பார்த்திபன் கனவு'. அதற்கு முந்தைய காலத்துக் கதையான 'சிவகாமியின் சபதம்' அதன் பிறகுதான் வந்தது! எந்த வரிசையில் படிப்பது? எழுதிய வரிசையில்தான்! வயதான சக்கரவர்த்தியாகப் பார்த்த நரசிம்மவர்மரை அடுத்த நாவலில் காதலனாகப் பார்ப்பது தனி சுகம்! 'பொன்னியின் செல்வன்' 5 பாகம் முடிந்தும் வாசகர்கள் விட்டார்களா? பாத்திரங்கள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று முடிவுரையில் கல்கி விளக்கவேண்டியதாயிற்று! அதன் பிறகும் ஆசை தீராமல் விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார்! சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் வந்த ரோபோ நாய், தொடர்ச்சியில் தலைப்பையே பிடித்துக்கொண்டது. 'மீண்டும் ஜீனோ'!

வங்காளத்தில் நடந்தது இன்னும் ஆச்சரியம்! விபூதிபூஷண் பந்தோபாத்யாய 'பதேர் பாஞ்சாலி'யைத் தொடர்ந்து 'அபராஜிதோ' எழுதி அபுவின் கதையை நிறுத்தினார். 1950-இல் அவர் இறந்தபோது மகன் தாராதாஸுக்கு வயது 3. அந்தப் பிள்ளை வளர்ந்து எழுத்தாளரானார், அப்பா நிறுத்திய இடத்திலிருந்து அடுத்த நாவலை எழுதினார்! தலைப்பு என்ன தெரியுமா? 'காஜல்'. அபுவுடைய மகனின் பெயர்!