ஆவடி டூ பழவேற்காடு: கேரவனில் வீக்கெண்ட் டிரிப் போகலாமா? ராத்திரி ஏசி போடும் முன் இதைப் படிங்க!

கேரவன் என்றதும் பூந்தமல்லிக்காரர்களுக்கு ஞாபகம் வருவது, செம்பரம்பாக்கம் ஃபிலிம் சிட்டிக்கு வந்து போகும் ஷூட்டிங் வண்டிகள்தான். அதே மாதிரி வண்டியை இப்போது குடும்பங்களும் வாடகைக்கு எடுக்கின்றன. "ரூம் புக் பண்ண வேணாம், பிடிச்ச இடத்துல நிறுத்தித் தூங்கலாம்" என்பதுதான் இதன் ஈர்ப்பே. நிஜத்தில் பிடித்த இடத்தில் எல்லாம் நிறுத்த முடியுமா?

எது கேரவன்?

வேனுக்குள் மெத்தை போட்டுவிட்டால் அது கேரவன் ஆகிவிடாது. இருக்கை, மேசை, படுக்கை, சமையல் வசதி, சாமான் வைக்கும் இடம் எல்லாம் இருக்க வேண்டும் என்கின்றன விதிகள். ஆர்டிஓ ஒப்புதல் இல்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி தவறு. வாடகை வண்டி என்றால் மஞ்சள் போர்டு இருக்கிறதா என்று பாருங்க. வெள்ளை போர்டு வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் கிடைப்பது கஷ்டம்.

கேரளா 2021-லேயே இதற்கென தனிக் கொள்கை கொண்டுவந்து, வாகமனில் கேரவன் பார்க்கும் திறந்துவிட்டது. தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலா இடம்பெற்றிருக்கிறது.

ஏன் பழவேற்காடு?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில் இருப்பவர்கள் கடல் பார்க்க ஊருக்குள் புகுந்து ஈசிஆர் போக வேண்டியதில்லை. 400 அடி ரோடு எனப்படும் வெளிவட்டச் சாலையில் ஏறினால் நேராக மீஞ்சூர். அங்கிருந்து பொன்னேரி, பிறகு சுமார் 20 கிலோமீட்டர் கிராமத்துச் சாலை. பெரிய வண்டிக்கு இந்தக் கடைசிப் பகுதி கொஞ்சம் குறுகல்தான், அதனால் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருவது நல்லது.

சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். 1613-ல் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையின் மிச்சமும், அவர்களின் கல்லறைத் தோட்டமும் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. ஆனால் படகுக்காரர் யாராவது கூப்பிட்டால் ஏறாதீங்க. 2011 டிசம்பர் 25-ம் தேதி இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பிறகுதான் சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை வந்தது.

என்ன சாப்பிடலாம்?

இந்தப் பயணத்தின் ஹீரோ சாப்பாடுதான். காலையிலேயே மீன் மார்க்கெட் போனால் இறால், மடவை, கயிறு கட்டிய உயிர் சேற்று நண்டு எல்லாம் கிடைக்கும். பெரிய சைஸ் நண்டுகள் ஏற்றுமதிக்குப் போய்விடும். நடுத்தர சைஸை வாங்கி, மிளகும் பூண்டும் தட்டிப்போட்டு ரசம் வைத்தால் போதும், வேறு எதுவும் தேவைப்படாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது கடல் மீன் வரத்து குறைந்து விலை ஏறும்.

அடுப்பை மட்டும் வண்டிக்கு வெளியே வையுங்க. உள்ளே நண்டு சமைத்தால் வாசனை ரெண்டு நாளைக்குப் போகாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் சீரியஸானது.

ராத்திரி என்ன ஆபத்து?

2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில், சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரின் புகையிலிருந்து கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் சேர வேண்டிய இடத்தை இது பிடித்துக்கொள்ளும். விழித்திருப்பவருக்காவது தலைவலி, குமட்டல் வரும். தூங்குபவர் எழுந்திருக்கவே மாட்டார். எரியும் அடுப்பும் மூடிய வண்டிக்குள் இதே வேலையைச் செய்யும்.

அதனால் கேரவனை எங்கே நிறுத்துவது என்பதை முடிவு செய்வது வியூ இல்லை, பிளக் பாயின்ட்தான். வெளியிலிருந்து 15 ஆம்ப் லைன் கொடுத்தால் ஜெனரேட்டரே வேண்டாம். பழவேற்காட்டில் கேரவன் பார்க்கை எதிர்பார்த்துப் போகாமல், கரண்ட் தரக்கூடிய காம்பவுண்ட் உள்ள இடத்தில் முன்கூட்டியே பேசி அனுமதி வாங்கிக்கொள்வதுதான் வழி. முகத்துவாரத்து மணலில் இறக்கினால் சக்கரம் புதையும். ஏரியின் பெரும்பகுதி பறவைகள் சரணாலயம், கரையோரம் இஷ்டத்துக்கு முகாம் போட முடியாது. டிசம்பர், ஜனவரி என்றால் ஏசியே தேவைப்படாது, கொசுவலை அடித்த ஜன்னல் போதும். எப்படி இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் வண்டியில் இருக்கிறதா என்று வாடகைக்கு எடுக்கும்போதே கேளுங்க.

டாய்லெட் டேங்க் நிறைந்தால்?

ஏரிப் பக்கம் திறந்துவிடவே கூடாது. இந்தத் தண்ணீரில் இடுப்பளவு ஆழத்தில் இறங்கி, வெறும் கையால் துழாவி இறால் பிடிப்பவர்கள் இருளர் பெண்கள். டேங்க்கை ஊருக்குத் திரும்பிய பிறகு, கழிவுநீர் லாரிக்காரரைக் கூப்பிட்டு காலி செய்ய வேண்டும். வாடகை பேசும்போதே இந்தச் செலவு யாருடையது என்று கேட்டுவிடுங்க.