போடியில் இறங்கி ஒரு பகல்

கடல் இல்லாத ஊருக்கும் துறைமுக வேலை வாய்ப்பதுண்டு. போடிநாயக்கனூருக்கு வாய்த்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாற்றுத் தேயிலை, குண்டளைப் பள்ளத்தாக்கின் சிறிய மலை ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வரும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு ஏறக்குறைய 5 கிலோமீட்டர் கீழே, கொட்டகுடிக்கு இறங்கும். அதன்பின் 15 கிலோமீட்டர் வண்டிப்பாதை. போடிக்கு வந்த பெட்டிகள்தான் பிறகு கப்பலேறி இங்கிலாந்து போயின. 1924 வெள்ளம் அந்த மலை ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. குரங்கணிக்கு மேலே ஒரு மலைக்குடியிருப்பை மட்டும் இன்றும் சென்ட்ரல் ஸ்டேஷன் என்றே சொல்கிறார்கள்.

1928இல் மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர்கேஜ் ரயில் வந்தது. இரண்டாம் உலகப்போரின்போது தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். ஐம்பதுகளில்தான் திரும்பப் போட்டார்கள். உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி, போடி என்று 90 கிலோமீட்டரை நிதானமாகக் கடக்கும் வண்டி அது. அதில் வந்து இறங்கியவர்களுக்கு இங்கே ஏதாவது ஒரு வேலை இருந்தது. ஏலக்காய் வாங்க வந்த வியாபாரி, மலைத் தோட்டத்துக்குக் கூலி வேலை தேடி வந்த குடும்பம், வீரபாண்டி கௌமாரியம்மனுக்குச் சித்திரையில் தீச்சட்டி எடுக்க வந்த சனம். ஊரைச் சும்மா சுற்றிப் பார்ப்பதற்கென்று யாரும் டிக்கெட் எடுத்ததாக எங்கள் பெரியவர்கள் சொல்லிக் கேட்டதில்லை.

2010 முடிவோடு அந்த ரயில் நின்றது. அகலப்பாதை தேனி வரை வர 2022 மே ஆகிவிட்டது; போடி வரை வர 2023 ஜூன். பன்னிரண்டு ஆண்டுக்கும் மேலாக ரயிலே இல்லாமல் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூடம் முடித்துவிட்டார்கள். இப்போது சென்னையிலிருந்து வாரம் மூன்று நாள் இரவில் கிளம்பும் வண்டி காலையில் போடியில் நிற்கிறது. செவ்வாயும் வியாழனும் காலையில் வருகிற வண்டி அன்று இரவே சென்னைக்குத் திரும்புகிறது. இடையில் முழுசாக ஒரு பகல் கிடைக்கிறது.

பிரான்சின் தென்கரையில் வில்ஃப்ரான்ஷ் போன்ற சிற்றூர்கள் இப்படிப்பட்ட ஒரு பகலை நம்பியே பிழைக்கக் கற்றுக்கொண்டன. பெரிய கப்பல் விரிகுடாவில் நங்கூரம் போடும். சிறு படகுகள் பயணிகளைக் கரைக்குக் கொண்டுவரும். மாலையில் திருப்பிக் கொண்டுபோய் ஏற்றும். வந்தவர்களில் பலர் பக்கத்துப் பெரிய நகரங்களுக்குப் போய்விடுவார்கள். மீதிப்பேரை அந்த ஊர் தன் பழைய கோட்டையிலும் சந்தையிலும் சாப்பாட்டுக் கடையிலும் நிறுத்திவைக்கும்.

போடி இன்னும் யாரையும் நிறுத்தி வைக்கவில்லை. இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் நிலைய வாசலிலேயே கார் பிடித்து, போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி மூணாறு போய்ச் சேர்கிறார்கள். இதைவிட வருத்தமான கதை கொழுக்குமலையுடையது. அந்தத் தேயிலைத் தோட்டம் இருப்பது தேனி மாவட்டத்தில். ஜீப் ஏறுவதோ கேரளத்துச் சூரியநெல்லியில். மலை நம்முடையது, வாடகையும் அறைக்காசும் சாப்பாட்டுக் காசும் அங்கே. சூரியநெல்லிக்காரர்கள் பாதையைப் பராமரித்துப் பிழைக்கிறார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம் பக்கத்திலிருந்து ஒரு வழி இல்லாமல் போனதுதான் மனதை உறுத்துகிறது.

கம்பத்தில் நிலைமை வேறு. அங்கே திராட்சை ஆளை நிறுத்திவிட்டது. பன்னீர் திராட்சையை 1832இல் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்று சொல்கிறார்கள். 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தியாவின் மற்ற திராட்சை ஊர்கள் பலவற்றில் ஆண்டுக்கு ஒரு பருவம்தான் பழம். இங்கே ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும்போது அடுத்த தோட்டத்தில் பழம் கறுத்துத் தொங்கும். கவாத்து செய்து நான்கு மாதத்தில் அறுப்பு. ஆகவே எந்த மாதம் வந்தாலும் ஏதோ ஒரு பந்தலில் பழம் இருக்கும்.

முன்பெல்லாம் திராட்சைத் தோட்டத்துக்குள் வெளியாளை விடமாட்டார்கள். முள்வேலி, காவல்காரர், நாய். பழம் பெட்டியில் அடைத்து மதுரைக்கும் கேரளத்துக்கும் லாரியில் போகும். தின்பவருக்குத் தோட்டம் தெரியாது. இப்போது சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர்ப் பக்கம் சாலையோரத் தோட்டங்கள் வாசலைத் திறந்து வைத்திருக்கின்றன. மதுரையிலிருந்து தேக்கடி போகிற வெளிநாட்டுப் பயணிகளின் கார் நிற்கிறது. ஓணம் விடுமுறையில் மலையாளக் குடும்பங்கள் வேன் வேனாக வருகின்றன. பந்தலுக்கடியில் படம் எடுத்துக்கொண்டு, ஒரு டம்ளர் ஜூஸ் குடித்து, ஒரு பை பழமும் பதியன் செடியும் வாங்கிப் போகிறார்கள். பந்தலுக்குக் கீழே தலை குனிந்து நடக்கவேண்டும். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். மருந்தடித்து எத்தனை நாளாயிற்று என்று கேட்காமல் கொடியிலிருந்து பறித்து வாயில் போடாதீர்கள். நல்ல விவசாயி மறைக்காமல் சொல்வார்.

இந்த வருமானத்தால் விவசாயி கரையேறிவிட்டார் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அறுப்பு நேரத்தில் நாலு நாள் மழை பிடித்தால் பழம் வெடித்துவிடும். மொத்த வியாபாரி விலையைக் குறைத்துவிடுவார். வாசலில் கிலோக் கணக்கில் விற்பது அந்த நட்டத்தை ஈடுகட்டாது. ஆனால் நேரடியாகக் காசு கொடுத்து வாங்குகிற ஒரு ஆளை அவர் கண்ணால் பார்க்கிறார். முன்பு அதுவும் இல்லை.

மாறாத ஒன்றையும் சொல்லவேண்டும். சுற்றுலாக் கார் மெட்டு ஏறுவதற்கு வெகுநேரம் முன்பே, இருட்டோடு இருட்டாக, போடி, தேவாரம், கோம்பை, கம்பத்திலிருந்து ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. இடுக்கி ஏலத்தோட்டங்களில் காய் எடுக்கப் போகிற பெண்கள் தூக்குவாளியோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களின் அம்மாக்களும் இதே மலைக்குத்தான் போனார்கள். அவர்கள் எடுத்த காய்தான் போடியில் ஏலம் போகிறது. சாக்கில் காயைக் கொட்டி, கையில் அள்ளிப் பார்த்து விலை கேட்ட காலம் போய், இப்போது கணினித் திரையில் விலை ஓடுகிறது. ஏலக்காய் வாசம் மட்டும் அந்தத் தெருக்களை விட்டுப் போகவில்லை. அங்கே நடந்து பார்க்கக் கட்டணமும் இல்லை.

ஆள் அதிகமாக வந்தால் மட்டும் ஊர் பிழைத்துவிடாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டில் பரவிய தீயில் மலையேற வந்த இளையவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிமுறை வந்தது. இன்று முன்பதிவும் வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் ஏறக்கூடாது. பிரான்சின் கடலோரத்துக் கான் நகரமும் 2026 ஜனவரி முதல் ஆயிரம் பயணிகளுக்கு மேல் ஏற்றிவரும் கப்பல்களுக்குத் தடை போட முடிவெடுத்தது. சினிமா விழாவால் உலகம் அறிந்த, பணம் படைத்த ஊரே இவ்வளவு போதும் என்று சொல்லும்போது, ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டி வாழ்கிற நாமும் அளவு வகுத்துக்கொள்ளத்தான் வேண்டும். யானை இறங்கியிருக்கிறது என்று சுருளி அருவியை வனத்துறை மூடினால், திரும்பிப் போவதுதான் மரியாதை.

நிலைய வாசலிலிருந்து, ரயில் வரும் நேரத்துக்கு, தேவாரம் வழியாகக் கம்பம், சுருளி, லோயர்கேம்ப் போய் மாலையில் திரும்புகிற ஒரு பேருந்து விடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. பெரிய திட்டமும் வேண்டாம், விழாவும் வேண்டாம். வழியில் இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் இருக்கிறது. திராட்சைப் பந்தல் இருக்கிறது. முடிவில் பொறியாளர் பென்னிகுயிக்கின் மணிமண்டபம் இருக்கிறது. 1895இல் அவர் கட்டி முடித்த அணை கேரள மலைக்குள் இருந்தாலும், அதன் தண்ணீர்தான் இந்தப் பள்ளத்தாக்கின் இருபுறமும் வயலாக நிற்கிறது. ஜனவரி 15, அவர் பிறந்தநாளன்று பாலார்பட்டிக்காரர்கள் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள்.

சென்னை வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: திங்களிரவோ புதனிரவோ ஏறுங்கள். மறுநாள் மூணாறுக்குக் கார் பேசாமல் கீழேயே இருங்கள். இரவு வண்டிக்கு அரைமணி முன்னதாக நிலையத்துக்கு வந்துவிடுங்கள்.