பரம்பரை உடம்பா, பசியின் எழுத்தா?

கிண்ணியா, மூதூர்ப் பக்கம் சீனி வருத்தக் கிளினிக் வரிசையில் நிற்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரு வசனம் அடிக்கடி காதில் விழும்: “என்ன செய்ற, இது எங்கட பரம்பரை உடம்பு.” மூத்தம்மாவுக்கு இருந்தது, உம்மாவுக்கு இருந்தது, எனக்கும் வந்துவிட்டது என்பதே அதன் கருத்து. இதற்கு எதிர்ப் பேச்சும் உண்டு: “பரம்பரையாவது ஒண்டாவது! வாயக் கட்டத் தெரியாத ஆக்கள்.” இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. மீதியைப் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பித்தவன் என்ற வகையில் இயன்ற அளவு எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் பரம்பரையை எடுப்போம். உடற்பருமனோடு தொடர்புடைய மரபணுக்கள் இருப்பது உண்மை. அவற்றுள் மிகவும் பேசப்பட்டது 2007இல் அடையாளம் காணப்பட்ட எப்.ரி.ஓ. என்ற மரபணு. அதன் பருமன் சார்ந்த வடிவத்தைத் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பெற்றவர்கள், அது இல்லாதவர்களை விடச் சராசரியாக மூன்று கிலோ வரைதான் கூடுதலாக இருந்தார்கள். ஒரே தலைமுறைக்குள் ஊரே பருத்துப் போவதற்கு இந்த மூன்று கிலோ காரணமாக முடியாது. டி.என்.ஏ.யின் எழுத்துக்கள் அவ்வளவு வேகமாக மாறுவதில்லை.

ஆனால் எழுத்து மாறாமலே வாசிப்பு மாறலாம். ஓதப்பள்ளியில் அரபு எழுத்துப் படித்தவர்களுக்கு இது இலகுவாக விளங்கும். ‘பே’ என்ற எழுத்து ஒன்றுதான். மேலே ஒரு கோடு வந்தால் ‘ப’, கீழே வந்தால் ‘பி’, ஸுகூன் வந்தால் உயிரோசை அடங்கிவிடும். டி.என்.ஏ.யின் மேலும் இப்படிக் குறிகள் உண்டு. அவற்றுள் அதிகம் ஆராயப்பட்டது மெதைல் கூட்டம்: ஒரு காபன், மூன்று ஐதரசன் அணுக்கள் சேர்ந்த சின்னஞ்சிறு துணுக்கு. மரபணுவின் தொடக்கப் பகுதியில் அது ஒட்டிக்கொண்டால் அந்த மரபணு பெரும்பாலும் அடங்கிப் போகும். ஈரல் கலத்துக்கும் நரம்புக் கலத்துக்கும் டி.என்.ஏ. ஒன்றாக இருந்தும் வேலை வேறாக இருப்பதற்கு இத்தகைய குறிகளே காரணம். இவற்றை ஆராயும் துறையைத்தான் எபிஜெனடிக்ஸ், மேல்மரபியல் என்கிறார்கள்.

இந்தக் குறிகளுள் பல, பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே இடப்படுகின்றன. அந்த நேரத்தில் தாய் பட்டினி கிடந்தால் என்ன நடக்கும்? இதற்குச் சரித்திரமே ஒரு விடை வைத்திருக்கிறது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மன் படைகள் உணவை மறித்ததால் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி பஞ்சத்தில் வீழ்ந்தது. ஒருவருக்குரிய நாட்பங்கீடு ஆயிரம் கலோரிக்கும் கீழே போனது. அக்காலத்தில் கருவில் இருந்த ஆண்கள் 19 வயதில் இராணுவப் பரிசோதனைக்கு வந்தபோது எடுத்த பதிவுகளை 1976இல் ஆராய்ந்து வெளியிட்டார்கள். கர்ப்பத்தின் முதற்பாதியில் பஞ்சம் கண்டவர்களிடையே உடற்பருமன் கூடுதலாக இருந்தது. கடைசி மாதங்களில் கண்டவர்களிடையே குறைவாக இருந்தது. 2008இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, கர்ப்பத் தொடக்கத்தில் பஞ்சம் கண்டவர்களின் இரத்தத்தைச் சோதித்தது. வளர்ச்சியோடு தொடர்புள்ள ஐ.ஜி.எப்.2 என்ற மரபணுவில், பஞ்சம் காணாத அவர்களது சொந்த உடன்பிறப்புகளை விட மெதைல் குறிகள் குறைவாக இருந்தன. பசி முடிந்து ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் கழிந்த பின்னும் அதன் தடம் அழியவில்லை.

எங்களுக்கு இன்னும் நெருக்கமான சான்று இந்தியாவின் புனே நகருக்கு அருகில் உள்ள ஆறு கிராமங்களில் கிடைக்கிறது. டொக்டர் சித்தரஞ்சன் யாக்னிக் குழுவினர் 1993இல் அங்கே தாய்மாரைப் பின்தொடரத் தொடங்கினார்கள். பிறந்த குழந்தைகளின் சராசரி நிறை 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுதாம்டன் குழந்தைகளுக்கோ 3.5 கிலோ. புனேக் குழந்தைகளின் தசை குறைவு, வயிறு சிறிது. ஆனால் தோலுக்குக் கீழிருந்த கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்வைக்கு மெலிவு, உள்ளே கொழுப்பு. பிள்ளைகள் ஆறு வயதானபோது இன்னொன்றும் தெரிந்தது. கர்ப்ப காலத்தில் விட்டமின் பி12 குறைந்து, போலேட் கூடியிருந்த தாய்மாரின் பிள்ளைகளிடம் இன்சுலினுக்கு உடல் இணங்காத தன்மை மிகுதியாக இருந்தது. மெதைல் கூட்டத்தைத் தயாரிக்கும் வேலையில் இவை இரண்டும் கைகோத்து நிற்பவை. இதைக் கேட்டு யாரும் போலிக் அமில மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. குழந்தையின் முள்ளந்தண்டுக் குறைபாட்டைத் தடுப்பது அதுதான். கூடவே பி12 வேண்டும் என்பதே இங்கே பாடம்.

இனி ஓர் எச்சரிக்கை. ‘எல்லாம் தாயின் வயிற்றிலேயே எழுதப்பட்டுவிட்டது’ என்று முடிவு கட்டுவதும் பிழை. 2017இல் ஐரோப்பியரும் இந்திய வம்சாவளியினருமாகப் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரை வைத்து வந்த பெரிய ஆய்வு, உடல் நிறையோடு சேர்ந்து மாறும் 187 மெதைல் இடங்களைக் கண்டது. அவற்றில் பெரும்பாலானவை பருமனுக்குக் காரணம் அல்ல, பருமனின் விளைவு. கொழுப்பு கூடக்கூடக் குறிகள் மாறுகின்றன. அம்மாற்றங்கள் பிற்காலச் சீனி வருத்தத்தை முன்கூட்டியே காட்டவும் செய்கின்றன. பழியைப் பெண்ணின் தலையில் மட்டும் போடவும் வழியில்லை. 2016இல் டென்மார்க்கில் நடந்த ஒரு சிறிய ஆய்வில், நிறை குறைப்புச் சத்திரசிகிச்சை செய்த ஆண்களின் விந்தணுக்களிலும் இக்குறிகள் மாறியிருந்தன. வாப்பாவின் உடம்பும் கணக்கில் வருகிறது.

இப்போது எங்கட கரைக்கு வருவோம். 2006 ஓகஸ்ட்டில் மூதூர் மக்கள் உடுத்த உடுப்போடு கந்தளாய்க்கு நடந்தார்கள். அது நெதர்லாந்துப் பஞ்சம் போன்றதல்ல. என்றாலும் பாடசாலைக் கட்டடங்களிலும் கூடாரங்களிலும் கர்ப்பிணிகள் நிவாரணச் சாப்பாட்டில் நாள் கழித்தார்கள். அன்று வயிற்றில் இருந்த பெண்பிள்ளைகள் இன்று தாயாகும் வயதில் இருக்கிறார்கள். அவர்களைச் சுற்றியுள்ள சாப்பாடோ வேறு உலகம். சீனன்குடாவில் கோதுமை மா ஆலை, சந்திக்குச் சந்தி கொத்துக் கடை, காலையில் பாண், பின்னேரம் பணிஸ், நாளுக்கு நாலைந்து சீனித் தேத்தண்ணி. குறைவுக்குத் தயாரான உடம்பு மிகுதிக்குள் வளர்வதுதான் ஆபத்து.

அதற்கு மருந்தும் இந்தக் கரையிலேயே கிடக்கிறது. கொட்டியாரக் குடாவின் சூடை, கீரி, நெத்தலி, ஊரில் கிடைக்கும் எருமைத் தயிர், முட்டை எல்லாவற்றிலும் பி12 இருக்கிறது. ஆனால் கனபேர் வீட்டில் மீன்துண்டு முதலில் ஆண்களின் கோப்பைக்குப் போகிறது, குமர்ப்பிள்ளைக்குக் குழம்பு மிஞ்சுகிறது. கர்ப்பிணிக்குக் கொடுத்த திரிபோஷாவும் வீடு முழுக்கப் பங்கு போகிறது. பிள்ளை உண்டான பிறகு மிஸ்ஸியிடம் பதிந்து சத்துணவு தேடுவது நல்லதுதான், ஆனால் முதற் குறிகள் பல அதற்கு முன்பே விழுந்துவிடுகின்றன. கவனிப்புக் கலியாணத்துக்கு முன்பே, பாடசாலை வயதிலேயே தொடங்க வேண்டும்.

மெலிந்திருக்கிறோம் என்று நிம்மதி கொள்ளவும் முடியாது. ஆசியர்களுக்கு உடற்திணிவுச் சுட்டி 23இலிருந்தே அவதானம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது. இடுப்புச் சுற்றளவு தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றருக்கும், பெண்களுக்கு 80க்கும் கீழே இருப்பது நல்லது. ஒரு தையல் நாடா போதும், இதை வீட்டிலேயே அளக்கலாம்.

“பரம்பரை உடம்பு” என்பவரை ஏளனம் செய்ய வேண்டாம், மூத்தம்மாவின் பசி அவர் உடம்பில் இருக்கக்கூடும். ஆனால் பேத்தியின் கோப்பையில் அந்த மீன்துண்டை வைக்கிற வேலையை மரபணு செய்யாது, வீட்டில் சோறு பகிர்கிறவர்கள்தான் செய்ய வேண்டும்.