பழைய பிக்கப்பில் ஆயில் லைட் எரிகிறதா? இன்ஜினைப் பிரிக்கும் முன் பிரஷரை அளந்து பாருங்கள்

விடியற்காலை மூன்று மணி. தக்காளிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். இன்னும் எட்டு கிலோமீட்டர்தான் இருக்கிறது. மீட்டர் போர்டில் சிவப்பாக ஆயில் லைட் எரிகிறது. சத்தம் எதுவும் மாறவில்லை, வண்டி நன்றாகத்தான் இழுக்கிறது. 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், சரக்கை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்' என்றுதான் எவருக்கும் தோன்றும்.

அப்படிச் செய்யாதீர்கள். ஓரமாக நிறுத்தி உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள். ரேடியேட்டர் சூடேறினால் சில நிமிடங்கள் அவகாசம் கிடைக்கும். ஆயில் பிரஷர் விஷயத்தில் அந்த அவகாசம் கிடையாது. லைட்டை எரிய வைக்கும் சுவிட்ச், பெரும்பாலான வண்டிகளில் பிரஷர் அரை கிலோவுக்கும் கீழே இறங்கிய பிறகுதான் வேலை செய்யும். ஆகவே லைட் எரிவது உண்மையாக இருந்தால், ஆபத்து ஏற்கெனவே வந்துவிட்டது என்று அர்த்தம். லோடோடு அந்த எட்டு கிலோமீட்டர் ஓட்டினால் கிராங்கே போய்விடலாம்.

பத்து நிமிடம் கழித்து, சமமான இடத்தில் வண்டி நிற்கும்போது ஆயில் குச்சியை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு அளவு பாருங்கள். அளவு குறைவாக இருந்தால் சரியான ஆயிலை ஊற்றி ஸ்டார்ட் செய்யுங்கள். சில நொடிகளில் லைட் அணைய வேண்டும். அணையாவிட்டாலோ, அளவு சரியாக இருந்தும் லைட் எரிந்தாலோ, வேறு வண்டியை வரவழைத்துச் சரக்கை மாற்றுங்கள். பிக்கப்பைக் கட்டி இழுத்துத்தான் கொண்டு போக வேண்டும்.

சொட்டு நீர் லைனை நினைத்துக்கொள்ளுங்கள்

ஆயில் பிரஷர் எப்படி உண்டாகிறது என்பது உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். கிணற்று மோட்டார் தண்ணீரைத் தள்ளுகிறது. ஃபில்டர், மெயின் பைப், பக்கக் குழாய்கள் வழியாகப் போய்த் துளித் துளியாக வெளியேறுவதால்தான் கேஜில் பிரஷர் காட்டுகிறது. கடைசியில் நான்கு மூடிகளைக் கழற்றிவிட்டால் மோட்டார் அதே வேகத்தில் ஓடினாலும் பிரஷர் விழுந்துவிடும். புட் வால்வில் பாசி அடைத்தாலும் விழும். பைபாஸ் வால்வு திறந்தபடி நின்றாலும் விழும்.

இன்ஜினிலும் அப்படித்தான். சம்பில் இருக்கும் ஆயிலை ஸ்ட்ரெய்னர் வழியாக ஆயில் பம்ப் உறிஞ்சுகிறது. ஸ்ட்ரெய்னர்தான் இங்கே புட் வால்வு. ரிலீஃப் வால்வு என்பது பைபாஸ். ஃபில்டரைத் தாண்டிய ஆயில், கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங், கனெக்டிங் ராடின் பிக் எண்ட் பேரிங், கேம்ஷாஃப்ட் புஷ் ஆகியவற்றின் இடைவெளிகளில் கசிந்து வெளியேறுகிறது. அந்த இடைவெளி நம் தலைமுடியின் தடிமன் அளவுதான். ஓடி ஓடி பேரிங் தேய்ந்து இடைவெளி பெரிதானால், மூடி கழன்ற சொட்டு நீர் லைன் மாதிரி ஆகிவிடும். ஆயில் தண்ணீராக நீர்த்துப் போனாலும் அதே விளைவுதான்.

ஆக, பிரஷர் குறைவு என்ற ஒரே அறிகுறிக்குப் பின்னால் சில நூறு ரூபாய் சுவிட்சும் இருக்கலாம், முழு இன்ஜின் வேலையும் இருக்கலாம். இரண்டில் எது என்று லைட்டைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. எவ்வளவு கைதேர்ந்த மெக்கானிக்காக இருந்தாலும் சரி.

இதில் நானே ஏமாந்திருக்கிறேன். எங்கள் வீட்டுப் பழைய பிக்கப்பில் சூடானதும் ஐடிலில் லைட் மினுக்கும். 'சுவிட்ச்தான்' என்று ஒரு பட்டறையில் மாற்றினார்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி மினுக்கியது, மறுபடி சுவிட்ச் மாற்றினோம். மூன்றாவது முறை லைட்டோடு சேர்ந்து 'டொக் டொக்' என்று அடிச்சத்தமும் வந்தது. பிரித்துப் பார்த்தால் ஒரு பேரிங் செல் இடம்விட்டுச் சுற்றி, கிராங்கில் விரலில் தட்டுப்படும் அளவுக்கு வரி விழுந்திருந்தது. முதல் நாளே ஒரு கேஜ் மாட்டிப் பார்த்திருந்தால் செல் மாற்றுவதோடு முடிந்திருக்கும்.

குச்சியிலேயே பாதி தெரியும்

ஆயில் குச்சியில் அளவு மட்டும் பார்த்தால் போதாது. அளவு ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஊற்றாமலே ஆயில் ஏறியிருந்தால் டீசல் கலக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். விரலில் தேய்த்தால் வழவழப்பு இல்லாமல் நீர்த்திருக்கும், முகர்ந்தால் டீசல் வாடை வரும். நாசில் ஒழுகினாலோ, டீசல் பம்பின் உள் சீல் போனாலோ இப்படி ஆகும். காரணத்தைச் சரி செய்யாமல் ஆயில் மட்டும் மாற்றினால் சில வாரங்களில் பழைய கதைதான்.

பால் காபி நிறத்தில் நுரைத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கட்டோ, ஆயில் கூலரோ போயிருக்கலாம். அந்த வண்டியை ஸ்டார்ட்கூடச் செய்யாதீர்கள்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: கடைசியாக என்ன ஆயில் ஊற்றினீர்கள்? நம் கொட்டகையில் டிராக்டருக்கு வாங்கிய ஹைட்ராலிக் ஆயில் கேனும் இன்ஜின் ஆயில் கேனும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். அவசரத்தில் மாற்றி ஊற்றுவது நடக்கிற காரியம்தான். பழைய டீசல் பிக்கப்புகளில் பலவற்றுக்கு 15டபிள்யூ-40 கிரேடு டீசல் இன்ஜின் ஆயில் சொல்லியிருப்பார்கள். உங்கள் வண்டிக்கு எது என்று கையேட்டில் பார்த்து அதையே ஊற்றுங்கள்.

சுவிட்சும் ஒயரும்

இது வீட்டிலேயே பார்க்கக்கூடியது. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போடுங்கள். ஆயில் லைட் எரிய வேண்டும். எரியவில்லை என்றால் பல்போ ஒயரோ போயிருக்கிறது. இத்தனை நாள் காவல் இல்லாமல் வண்டி ஓட்டியிருக்கிறீர்கள். அடுத்து, இன்ஜின் பிளாக்கில், பெரும்பாலும் ஃபில்டர் பக்கம் இருக்கும் ஆயில் பிரஷர் சுவிட்சின் ஒயரைக் கழற்றுங்கள். ஒற்றை ஒயர் சுவிட்சாக இருந்தால் லைட் அணைய வேண்டும். கழற்றியும் எரிந்தால் ஒயர் எங்கோ உரசி பாடியில் தொடுகிறது. எலி கடித்த ஒயரையும் இந்தச் சோதனையில் பிடித்துவிடலாம்.

சுவிட்சின் தலைப்பகுதி ஆயில் கசிந்து நனைந்திருந்தால் அதை மாற்றிவிடலாம். பைப் வேலைப் பழக்கத்தில் அதன் மரையில் டெஃப்லான் டேப்பைத் தடிமனாகச் சுற்றாதீர்கள். அந்த சுவிட்சுக்கு எர்த் கிடைப்பதே மரை வழியாகத்தான். எர்த் கிடைக்காவிட்டால் பிரஷர் போனாலும் லைட் எரியாது.

கேஜ் மாட்டி அளப்பது

மெக்கானிக்கிடம் கறாராகச் சொல்ல வேண்டிய இடம் இது. சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்தத் துவாரத்தில் மெக்கானிக்கல் பிரஷர் கேஜை மாட்டச் சொல்லுங்கள். நல்ல பட்டறையில் இருக்கும். இல்லையென்றால் ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையில் வாங்கலாம். ஒரு தடவை டீசல் டேங்க் நிரப்புகிற செலவைவிடக் குறைவுதான். மரை அளவு பொருந்தும் இணைப்பு இருக்க வேண்டும். பொருந்தாததை முடுக்கி ஏற்றினால் பிளாக்கின் மரை போய்விடும்.

மூன்று அளவுகள் எடுங்கள். காலையில் குளிர்ந்த இன்ஜின் ஐடிலில் ஒன்று. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் ஒன்று. அதே சூட்டில் 2000 சுற்றுக்கு ரேஸ் செய்து ஒன்று. அளக்கும்போது பிரஷர் கிடுகிடுவென இறங்கினாலோ, அடிச்சத்தம் கேட்டாலோ உடனே அணைத்துவிடுங்கள். அளவுகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவுதான் சரியான அளவு. கையேடு இல்லையென்றால் பட்டறைகளில் பழகிய ஒரு கணக்கு உண்டு: சூடான இன்ஜினில் ஒவ்வொரு 1000 சுற்றுக்கும் சுமார் 10 பி.எஸ்.ஐ. சொட்டு நீர்க் கணக்கில் சொன்னால், 14 பி.எஸ்.ஐ. ஒரு கிலோ. அதனால் சூட்டில் ஐடிலில் முக்கால் கிலோவாவது நிற்க வேண்டும், 2000 சுற்றில் ஒன்றரை கிலோவுக்குக் குறையக் கூடாது. நல்ல இன்ஜினில் இதைவிடத் தாராளமாகவே இருக்கும்.

கேஜ் நல்ல பிரஷர் காட்டி லைட் மட்டும் எரிந்தால் பிரச்சினை சுவிட்சில். மாற்றிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வாருங்கள். இன்ஜினில் யாரையும் கை வைக்க விடாதீர்கள்.

குளிரில் நன்றாக இருந்து சூட்டில் ஐடிலில் மட்டும் விழுந்தால், ஆயில் நீர்த்திருக்கலாம் அல்லது பேரிங் தேயத் தொடங்கியிருக்கலாம். முதலில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி மறுபடி அளங்கள். அளவு ஏறி நின்றால் நல்லது. ஏறவில்லை என்றால் பேரிங்கைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

எல்லா நிலையிலும் குறைவாகக் காட்டினால் பம்ப், ரிலீஃப் வால்வு, ஸ்ட்ரெய்னர் மூன்றின் மேலும் சந்தேகம் போக வேண்டும். ரிலீஃப் வால்வில் ஒரு துகள் மாட்டினாலே வால்வு திறந்தபடி நின்றுவிடும். முள் நடுங்கினாலோ, ரேஸ் செய்யச் செய்யப் பிரஷர் இறங்கினாலோ, பம்புக்கு ஆயில் வரத்து போதவில்லை அல்லது காற்று இழுக்கிறது. வரப்பு ஏறி இறங்கும் நம் வண்டிகளுக்கு இது அடிக்கடி வரும்: சம்பின் அடியில் கல் இடித்து ஒடுங்கியிருக்கும், ஸ்ட்ரெய்னரின் வாய் சம்பின் தரையோடு ஒட்டி அடைபட்டுக் கிடக்கும். குனிந்து பார்த்தாலே ஒடுக்கு தெரியும். முன்பு யாராவது சம்பைக் கழற்றி பேஸ்டை அள்ளி அப்பி மாட்டியிருந்தால், பிதுங்கிய பேஸ்ட் துண்டுகள் ஸ்ட்ரெய்னரை அடைப்பதும் உண்டு.

பழைய ஃபில்டரைத் தூக்கி எறியாதீர்கள்

ஆயிலை வடிக்கும்போது வெள்ளைத் துணியில் கொஞ்சம் வடிகட்டிப் பாருங்கள். ஃபில்டரை விளிம்போடு வெட்டி உள்ளே இருக்கும் காகித மடிப்புகளை விரித்து வெயிலில் காட்டுங்கள். சும்மா கறுப்பாக இருந்தால் கவலையில்லை. வெள்ளி நிறத்திலோ செம்பு நிறத்திலோ மினுமினுப்பு தெரிந்தால் அது பேரிங்கின் தேய்மானம். ரம்பத்தால் அறுத்திருந்தால் தகரத் தூளும் விழுந்திருக்கும், அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். தகரத் தூள் காந்தத்தில் ஒட்டும், பேரிங் உலோகம் ஒட்டாது.

சம்பை இறக்கினால்

பல வண்டிகளில் இன்ஜினை இறக்காமலே சம்பை மட்டும் கழற்ற முடியும். முடியுமா என்று கேளுங்கள். இறக்கியதும் ஸ்ட்ரெய்னரைக் கழுவி, ரிலீஃப் வால்வு தடையில்லாமல் நகர்கிறதா, பம்ப் ரோட்டரின் இடைவெளி எவ்வளவு என்று ஃபில்லர் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு ஒரு பிக் எண்ட், ஒரு மெயின் பேரிங் மூடியைக் கழற்றி செல்லை உங்கள் கையில் வாங்கிப் பாருங்கள். மங்கலான சாம்பல் நிறத்தில் சமமாக இருந்தால் நல்ல செல். செம்பு நிறம் வெளியே தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. கிராங்கில் நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்படக் கூடாது. வரி இல்லாமல், மைக்ரோமீட்டரில் வட்டமும் அளவும் சரியாக இருந்தால் அதே அளவில் புது செல் போதும். வரி விழுந்திருந்தால் லேத் பட்டறையில் கிராங்க் கிரைண்டிங் செய்து, அதற்கேற்ற அண்டர்சைஸ் செல் போட வேண்டியிருக்கும். அங்கேதான் செலவு பல மடங்காகிறது.

'கெட்டி ஆயில் ஊற்றினால் சரியாகிவிடும்', 'ரிலீஃப் ஸ்பிரிங்குக்கு ஒரு வாஷர் வைத்தால் போதும்' என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கெட்டி ஆயிலில் கேஜ் கொஞ்சம் ஏறும், உண்மைதான். பேரிங் தேய்மானம் அதனால் நிற்காது. காலையில் குளிர்ந்த இன்ஜினில் அந்த ஆயில் மேலே ஏறுவதற்கும் தாமதமாகும். நல்ல வால்வுக்கு வாஷர் வைப்பதால் ஐடில் பிரஷர் ஏறாது. அந்த வால்வு ஐடிலில் எப்படியும் மூடித்தான் இருக்கும்.

வேலை முடிந்து மாட்டும்போது, நிமிர்ந்து நிற்கும் ஃபில்டராக இருந்தால் அதில் ஆயில் நிரப்பி மாட்டச் சொல்லுங்கள். டீசலை நிறுத்திவிட்டு, லைட் அணையும்வரை விட்டு விட்டு செல்ஃப் அடித்து, அதன் பிறகு ஸ்டார்ட் செய்யட்டும். கேஜைக் கழற்றும் முன் அந்த மூன்று அளவுகளையும் உங்கள் கண் முன்னால் மறுபடி எடுக்க வேண்டும். நோட்டில் பழைய அளவுகளுக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டு பணத்தைக் கொடுங்கள்.

பழைய பிக்கப் வாங்கப் போகிறவர்களும் இதையே செய்யலாம். சாவி போட்டதும் ஆயில் லைட் எரிகிறதா என்று முதலில் பாருங்கள். எரியவே இல்லையென்றால் யாரோ ஒயரைப் பிடுங்கி வைத்திருக்கலாம். நீங்கள் போகும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அரை மணி நேரம் மேடு பள்ளத்தில் ஓட்டிவிட்டு வந்து ஐடிலில் விட்டு லைட்டைக் கவனியுங்கள். மினுக்கினால், கேஜ் மாட்டி அளந்து பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.