கேஸ் செக்கிங்குக்கு 236 ரூபாயா, இலவசமா? யார் சொல்ற ரூல் செல்லும்?

தர்மபுரி, பாலக்கோடு, அரூர் பக்கத்துல இருந்து கொஞ்ச நாளா ஒரே மாதிரி கேள்வி வருது. சிலிண்டர் போட வந்தவர் அடுப்பையும் ஹோஸையும் பார்த்துட்டு, "செக்கிங் முடிஞ்சது, ஃப்ரீ"ன்னு சொல்லிட்டுப் போறார். அடுத்த மாசமே ஏஜென்சி பேரைச் சொல்லி இன்னொருத்தர் வந்து 236 ரூபாய் கேக்குறார். வீட்டுக்காரர், "போன வருஷம்தான் பார்த்தாங்க, கொடுக்காதீங்க"ங்கிறார். இதுக்கு நடுவுல பைப் கேஸ் வரப்போகுது, அதுக்கு ரூலே வேறன்னு ஆபீஸ்ல ஒருத்தர் கிளப்பி விடுறார். இதுல யார் சொல்றதைக் கேக்கறது?

236 ரூபாய் பெரிய காசு இல்லைதான். ஆனா இந்தக் குழப்பத்துக்குப் பின்னாடி 6 லட்ச ரூபாய் இன்ஷூரன்ஸ் ஒண்ணு இருக்கு. அதுக்கு அப்புறம் வரேன்.

முதல்ல 236 கணக்கு. எண்ணெய் நிறுவனங்கள் 5 வருஷத்துக்கு ஒரு தடவை கட்டாய ஆய்வுன்னு வெச்சிருக்காங்க. கட்டணம் 200 ரூபாய், 18% ஜிஎஸ்டி 36 ரூபாய், மொத்தம் 236. டெலிவரி நேரத்துல நடக்கிற இலவசச் சோதனை வேற. அது நாடு முழுக்க இயக்கமா நடத்தின அடிப்படைப் பாதுகாப்புச் சோதனை. 12 கோடிக்கும் மேல இந்த மாதிரி சோதனை நடந்திருக்கறதா அரசே சொல்லியிருக்கு. அதனால "ஃப்ரீ"ன்னு சொன்னவரும் பொய் சொல்லல, 236 கேட்டவரும் ஏமாத்துக்காரரா இருக்கணும்னு இல்ல. ரெண்டும் தனித்தனி வேலை, ஒண்ணு நடந்ததால இன்னொண்ணு ரத்தாகாது.

ஆனா வந்தவர் உண்மையிலேயே ஏஜென்சி ஆளான்னு பார்க்கணும். அடையாள அட்டையைப் பாருங்க. ஏஜென்சிக்கு நீங்களே போன் போடுங்க, அவர் கொடுக்கிற நம்பருக்கு இல்ல, உங்க கேஸ் புக்ல இருக்கிற நம்பருக்கு. பணம் கொடுத்தா ஏஜென்சி பேர்ல ரசீது வாங்குங்க. அதுல ஜிஎஸ்டி எண் 15 இடம் இருக்கணும், தமிழ்நாட்டு ஏஜென்சின்னா 33-ல ஆரம்பிக்கணும். 36 ரூபாய் வரி வாங்கிட்டு வரி எண் இல்லாத துண்டுச் சீட்டைக் கொடுத்தா, அந்த 36 ரூபாய் அரசாங்கத்துக்குப் போகும்னு நான் நம்ப மாட்டேன். "எங்க கிட்ட அடுப்பு வாங்கினாத்தான் பாஸ் பண்ணுவோம்"னு சொன்னாலும் பணிய வேண்டாம். ஐஎஸ்ஐ முத்திரை உள்ள அடுப்பை எந்தக் கடையிலயும் வாங்கலாம்.

இப்ப பெரிய கேள்வி. பல ரூல் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டா என்ன செய்யறது? வருமான வரியில நாங்க தினம் செய்யற வேலைதான் இது. மேல சட்டம், அதுக்குக் கீழ அந்தச் சட்டத்தின்படி போட்ட விதிகளும் ஆணைகளும், அதுக்கும் கீழ சுற்றறிக்கை. சுற்றறிக்கை சட்டத்தை மீற முடியாது. கேஸுக்கும் அதே ஏணிதான்.

சிலிண்டர் கேஸ் பக்கம் பார்த்தா, மேல அத்தியாவசியப் பொருட்கள் சட்டம், 1955. அதுக்குக் கீழ எல்பிஜி வழங்கல், விநியோக ஒழுங்குமுறை ஆணை, 2000. அதுக்கும் கீழதான் எண்ணெய் நிறுவனங்களின் வழிகாட்டுதல். பைப் கேஸ் பக்கம், 2006-ம் வருஷச் சட்டப்படி அமைஞ்ச பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் இருக்கு. நகர எரிவாயு நெட்வொர்க்குக்கான தொழில்நுட்பப் பாதுகாப்பு விதிமுறைகளை வாரியம் 2008-ல போட்டுச்சு. இது ரெண்டுக்கும் வெளிய, தேசிய கட்டடக் குறியீடு 2016-லயும் எரிவாயுக் குழாய் பத்தித் தனிப் பிரிவு இருக்கு. ஆனா அந்தக் குறியீடு அடிப்படையில ஒரு பரிந்துரைதான், மாநிலக் கட்டட விதி எந்த அளவுக்கு எடுத்துக்குதோ அந்த அளவுக்குத்தான் கட்டுப்படுத்தும்.

ஏணியை வெச்சுப் பார்த்தா பாதிச் சண்டை தானா அடங்கிடும். மீதிப் பாதியில ரெண்டு ரூலும் ஒரே விஷயத்தைப் பத்திப் பேசுதான்னு பார்க்கணும். பல நேரம் பேசறதே இல்ல.

அடுப்பையே எடுத்துக்கோங்க. எல்பிஜி அடுப்புக்கான தரம் ஐஎஸ் 4246. பைப் கேஸ் அடுப்புக்குத் தனியா ஐஎஸ் 17153 இருக்கு. பைப் கேஸ் இணைப்பு கொடுக்க வர்ற டெக்னீஷியன் உங்க பழைய எல்பிஜி அடுப்போட ஜெட்டை மாத்திட்டு அதையே ஓட்டச் சொல்வார். எல்பிஜி முத்திரை வாங்கின அடுப்பைப் பைப் கேஸுக்கு மாத்தறது சட்டவிரோதமா? இல்ல. தரக்கட்டுப்பாட்டு ஆணை கட்டுப்படுத்தறது தயாரிப்பையும் விற்பனையையும். முத்திரை இல்லாத அடுப்பைச் செய்யக்கூடாது, விக்கக்கூடாது. உங்க சமையலறையில ஏற்கெனவே இருக்கிற அடுப்பை கேஸ் நிறுவனமே மாத்திக் கொடுக்கறது அதுல வராது. ஆனா தெரு மெக்கானிக்கை வெச்சு ஜெட்டைத் துளைக்காதீங்க. எல்பிஜி சுமார் 30 மில்லிபார் அழுத்தத்துல வருது, பைப் கேஸ் 21 மில்லிபார்ல. ஒரே கன அளவுக்கு எல்பிஜியோட வெப்பம் ரெண்டு மடங்குக்கும் மேல. பைப் கேஸுக்குப் பெருசாக்கின ஜெட்ல திரும்ப சிலிண்டரை மாட்டினா தீ அடுப்புக்குள்ள நிக்காது. மாத்தினதை நிறுவனத்தோட வேலைச் சீட்டுல எழுதி வாங்கிக்கோங்க.

காத்தோட்டமும் இதே கதைதான். சிலிண்டர் ஆய்வுக்கு வந்தவர் தரையை ஒட்டி ஓட்டை வேணும்பார், பைப் கேஸ்காரர் மேல வேணும்பார். எல்பிஜி காத்தைவிடக் கனம், கசிஞ்சா தரையில தேங்கும். இயற்கை எரிவாயு லேசு, கூரைக்குப் போகும். ரெண்டு பேர் சொல்றதும் சரி, அவங்கவங்க கேஸுக்கு. உங்க வீட்ல எந்த கேஸோ அதுக்கான ரூல்தான் செல்லும்.

தர்மபுரிக்குப் பைப் கேஸ் உரிமம், வாரியத்தோட 11-வது ஏலச் சுற்றுல இந்தியன் ஆயில் கிட்ட போயிருக்கு. கெயில் குழாய்க்கு விவசாயிகள் எதிர்ப்பு, 2016-ல உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எல்லாம் நம்ம மாவட்டத்துக்குத் தெரிஞ்ச கதை, அதுக்குள்ள இப்ப போகல. உங்க தெருவுக்கு இணைப்பு வந்து விண்ணப்பம் போட்டா, ஒப்பந்தத்துல மீட்டருக்கு அப்புறம் வர்ற குழாய் யார் பொறுப்புன்னு எழுதியிருக்கிற பத்தியை மட்டுமாவது படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க.

சரி, 6 லட்சம். எல்பிஜியால நடக்கிற விபத்துக்கு எண்ணெய் நிறுவனங்கள் பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுத்து வெச்சிருக்காங்க. உயிரிழப்புக்கு ஒருத்தருக்கு 6 லட்சம். மருத்துவச் செலவுக்கு ஒரு விபத்துக்கு 30 லட்சம் வரை, ஒருத்தருக்கு அதிகபட்சம் 2 லட்சம். சொத்துச் சேதத்துக்கு ஒரு விபத்துக்கு 2 லட்சம் வரை. பிரீமியம் நீங்க கட்டறது இல்ல.

சொத்துச் சேதத்துல ஒரு வார்த்தை இருக்கு: பதிவு செய்யப்பட்ட முகவரி. இங்கதான் சம்பளக்காரங்க மாட்டிக்கிறீங்க. பென்னாகரத்துல அப்பா பேர்ல இருக்கிற இணைப்போட ரெண்டாவது சிலிண்டரைத் தூக்கிட்டுப் போய் ஓசூர் ரூம்ல வெச்சு சமைக்கிறீங்க. அங்க தீப்பிடிச்சு வீட்டுக்காரர் நஷ்டம் கேட்டா, பதிவு முகவரி பென்னாகரம். அந்த 2 லட்சத்தை உங்க சம்பளத்துல இருந்துதான் தேடணும். 5 வருஷ ஆய்வு ரசீதும் அந்த முகவரிக்குத்தான், ரூமுக்கு வந்து யாரும் பார்த்ததே இல்ல.

இணைப்பு உங்க பேர்லயே இருந்தா முறையா மாத்திக்கலாம். வெளியூர்னா சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைச்சு டெர்மினேஷன் வவுச்சர் வாங்கி, புது ஊர்ல அதைக் காட்டி இணைப்பு எடுக்கணும். இதுல ஒரு செலவு இருக்கு. திரும்ப வர்றது நீங்க அன்னைக்குக் கட்டின பழைய டெபாசிட். புதுசா கட்டறது இப்போதைய ரேட். 2022 ஜூன்ல 14.2 கிலோ சிலிண்டருக்கு 1,450 ரூபாயா இருந்தது 2,200 ஆச்சு, ரெகுலேட்டர் 150-ல இருந்து 250 ஆச்சு. கூடுதலா கொஞ்சம் பணம் போனாலும் நான் மாத்தத்தான் சொல்வேன், அந்தப் பணம் டெபாசிட்தான், செலவு இல்ல.

சந்தா வவுச்சர், கடைசி ஆய்வு ரசீது, ஹோஸ்ல அச்சடிச்சிருக்கிற வருஷத்தோட போட்டோ, இந்த மூணையும் போன்ல தனி ஃபோல்டர்ல போட்டு வைங்க. சுரக்ஷா ஹோஸுக்கு ஆயுள் 5 வருஷம், ஆய்வு வர்றப்பவே அதையும் மாத்திடலாம். ரசீது கொடுக்க மறுத்தா 1915 நுகர்வோர் உதவி எண்ணுல புகார் பதியலாம். அதுக்கு மேல மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு, நீங்க கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள்ள இருந்தா அங்க மனுக் கட்டணமே கிடையாது. கேஸ் கசிவுன்னா இந்தப் பேப்பர் எதையும் தேடிக்கிட்டு நிக்காதீங்க. ரெகுலேட்டரை மூடி, ஸ்விட்ச் எதையும் தொடாம, ஜன்னலைத் திறந்துட்டு வெளிய வந்து 1906-க்கு போன் பண்ணுங்க.